இரண்டு வெயிலும் ஒரு கித்தான் பையும்

நான் பொறாமைக்காரன் என்பது என்னோடு பழகியவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. ஆனால் முதன்முதலாக எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த வீட்டுக்காரனின் குதிரை வண்டி, வகுப்பில் முதலாவதாக வந்தவனின் மூளை என்று சொல்லிக்கொள்ளும்படி ஏதாவது இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். பத்து வயதில், பட்டணத்திலிருந்து வந்திருந்த ஒருவரின் முதுகில் இருந்த வேர்க்குருவைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். பட்டதோடு நிற்கவில்லை. எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று வேலியோரத்துச் செந்தட்டிச் செடியைப் பிடுங்கி என் முதுகில் நானே தேய்த்துக்கொண்டேன்.

செந்தட்டி கையில் பட்டாலே ஆள் குதிப்பான். நான் முதுகு முழுவதும் பூசிக்கொண்டவன். என்ன குதித்திருப்பேன் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன். பட்டணத்தாரின் வேர்க்குருவுக்கு எங்கள் வீட்டில் சந்தனம் அரைத்தார்கள். என் தடிப்புகளுக்கு அம்மா மாட்டுச்சாணியைக் கரைத்துப் பூசி, காயும் வரை மாட்டுக் கொட்டகையிலேயே இருக்கச் சொன்னாள். ஒரே வீட்டில், ஒரே வாரத்தில், இரண்டு முதுகுகளுக்கு இரண்டு நீதி. அந்த வாரத்தின் கதையைத்தான் இப்போது எழுதுகிறேன். மின்விசிறிக்கு அடியில் சாய்ந்துகொண்டு, "நம் காலத்தில் இவ்வளவு வெயில் ஏது?" என்று பெருமூச்சு விடுகிற என் வயதுக்காரர்களுக்கு இது பயன்படலாம். படாமலும் போகலாம்.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தோட்டம் இருந்தது. தென்னையும் கொஞ்சம் பருத்தியும் ஒரு வற்றாத கிணறும். அக்காளுக்குப் பதினெட்டு வயது முடிந்திருந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி, ஊரார் எங்கள் வீட்டைக் கடக்கும்போது ஒரு கணம் நின்று பெருமூச்சு விடுகிற வயது. தாமதத்துக்குக் காரணம் மாப்பிள்ளை கிடைக்காதது அல்ல. இரண்டு பேர் கிடைத்தது. அப்பாவின் தங்கை மகன் ஒருவர். அம்மாவின் அண்ணன் மகன் மற்றவர். இருவருமே முறைக்காரர்கள், இருவருமே எனக்கு மச்சான்கள். அப்பாவுக்குத் தங்கை மகன்மேல் சாய்வு. அம்மாவுக்கு அண்ணன் மகன்மேல் உயிர். அண்ணன் போன பிறகு அந்தப் பையனுக்கு அவளைத் தவிர வேறு ஆளில்லை.

தங்கை மகன் பட்டணத்தில், அதாவது மெட்ராஸில், ஒரு வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தா. அண்ணன் மகன் தந்தி அடிக்கக் கற்றுக்கொண்டு ரயில் உத்தியோகத்தில் சேர்ந்தவர். அவரைக் கொண்டுபோய் ராஜபுதனத்துப் பாலைவனத்தில், ஜோத்பூருக்கும் அப்பால் ஏதோ ஒரு ஸ்டேஷனில் போட்டிருந்தார்கள். ஆகவே ஒருவர் பட்டணத்து மச்சான், மற்றவர் பாலைவனத்து மச்சான். இருவரும் அந்தச் சித்திரையில் லீவு போட்டுக்கொண்டு ஒரே நாளில், ஒரே ரயிலில், போத்தனூரில் ஒரே பெட்டியில் ஏறி வந்து இறங்கினார்கள். பட்டணத்து மச்சானோடு அத்தையும் வந்திருந்தாள். ஒரு முடிவைக் கையில் வாங்காமல் திரும்புவதில்லை என்பது அவள் கொண்டுவந்திருந்த பெட்டியின் கனத்திலேயே தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான விஷயத்தை நேராகப் பேசுவது மரியாதை இல்லை. "உன் மகளை என் மகனுக்குக் கொடு" என்று அத்தை கேட்டுவிட மாட்டாள். "உங்கள் தங்கை மகனைவிட என் அண்ணன் மகன் எதில் குறைச்சல்?" என்று அம்மாவும் கேட்டுவிட மாட்டாள். ஆனால் பேசாமலும் இருக்க முடியாது. அதனால் எட்டு நாளும் அவர்கள் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். எந்த ஊர் வெயிலில் மனுஷி இருக்க முடியும், எந்த ஊர் வெயிலில் இருக்க முடியாது என்பதுதான் வழக்கு. அது அக்காளின் கல்யாணத்தைப் பற்றிய பேச்சு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. நான் அதை வெயிலைப் பற்றிய பேச்சு என்றே நினைத்து, முழு மனதோடு பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்ணா, மெட்ராஸ் வெயிலுன்னு எல்லாரும் பயந்துக்கறாங்க. பொழுதோட கடல் காத்து வந்துச்சுன்னா அத்தனையும் மறந்து போயிருமுங்க" என்பாள் அத்தை.

"அது சரீங்க அம்மிணி. காத்து வார வரைக்கும் மனுசன் தாங்கோணுமல்லங்க?" என்பாள் அம்மா, முறத்தைத் தட்டிக்கொண்டே.

பட்டணத்து மச்சான் இதற்குள் மூன்றாவது சட்டைக்கு மாறியிருப்பார். அவர் பேச்சைத் தொடங்கினால் நெற்றியைத் துடைப்பார், பாதியில் கழுத்தைத் துடைப்பார், முடிப்பதற்குள் துண்டைப் பிழியப் போய்விடுவார். அவர் ஊரில் உப்பு ஜாடிக்குள்ளேயே கரைந்து தண்ணீராகிவிடுமாம். தீப்பெட்டியைக் கிழித்தால் குச்சியின் தலை மட்டும் பிய்த்துக்கொண்டு வருமாம். தலையணை விடியும்போது குளித்துவிட்டு வந்ததுபோல இருக்குமாம்.

பாலைவனத்து மச்சானுக்கு இதெல்லாம் கால் தூசு. அவர் உதடு வெடித்து, குதிகால் பிளந்து, பச்சை மிளகாயைப் போல விறைத்த ஆள். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அவர் ஊரில் துவைத்த வேட்டியை உதறுவதற்குள் காய்ந்துவிடுமாம். மத்தியானம் கதவுத் தாழ்ப்பாளைத் துணி சுற்றித்தான் தொட வேண்டுமாம். அங்கே அடிக்கிற அனல்காற்றுக்கு ஒரு பெயரே இருந்தது: லூ. அதைக் கேட்டதும் என் வயிறு எரிந்தது. எங்கள் ஊரிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்து கூரையைப் பிய்க்கத்தான் செய்கிறது. அதற்குப் பெயர் வைக்க யாருக்காவது தோன்றியதா? காற்று என்றால் காற்று. முடிந்தது.

ஒரு நாள் சாப்பாட்டின்போது பேச்சு அப்பளத்துக்கு வந்தது.

"நம்ம ஊர்லதான் அப்பளத்த எண்ணெயில போடோணுமுங்க மாமா. அங்க சும்மா வெயில்ல வெச்சாப் போதுமுங்க, பொரிஞ்சு போயிரும்" என்றார் பாலைவனத்து மச்சான்.

"எங்க ஊர்ல பொரிச்சதக் கொண்டாந்து எலையில வெக்கறதுக்குள்ள நமத்துப் போயிருமுங்க" என்றார் பட்டணத்து மச்சான், துடைத்துக்கொண்டே.

அப்பா இருவரையும் பார்த்தார். அந்தியூர்ச் சந்தையில் இரண்டு நல்ல காளைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டின் பல்லையும் மாறி மாறிப் பார்க்கிற முகம். "அப்ப ரண்டு ஊர்லயும் அப்பளத்துக்குக் கஷ்டந்தானாட்ட இருக்குது" என்றார்.

இதுதான் சமயம் என்று நான் வாயைத் திறந்தேன். "நம்ம ஊர்லகூட அப்பளம்..."

"நம்ம ஊர்ல அப்பளம் அப்பளமாட்டவே இருக்குது. நீ சாப்புடு" என்றார் அப்பா.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒருவருக்கு ஈர வெயில், மற்றவருக்கு உலர்ந்த வெயில். நடுவில் நான், சொல்லிக்கொள்ள ஒரு வெயில்கூட இல்லாதவன். மத்தியானம் சுடும், பொழுது சாய்ந்தால் மேற்கிலிருந்து காற்று வந்து எல்லாவற்றையும் ஆற்றிவிடும். அக்கினி நட்சத்திரத்தில்கூட விடியற்காலையில் அம்மா என்மேல் போர்வையை இழுத்துவிடுவாள். வெயில் காலத்தில் போர்த்திக்கொண்டு தூங்குகிற ஊரில் பிறந்தவன் எதைச் சொல்லி மார்தட்டுவது? மற்றவர்கள் நல்ல தட்பவெப்பம் என்று மெச்சுகிற அந்தக் காற்றை நான் அந்த எட்டு நாளும் சபித்தேன்.

வெயில் போனால் போகிறது, அக்காளும் போய்க்கொண்டிருந்தாள். அதுவரை அவள் என்னுடைய அக்காள். என் காலில் முள் ஏறினால் அவள்தான் எடுப்பாள். மோர் கடைந்தால் திரளுகிற முதல் வெண்ணெய் என் உள்ளங்கைக்குத்தான் வரும். இப்போது அவள் காலையும் மாலையும் கல்லில் சந்தனம் அரைத்தாள். அதை அத்தை வாங்கிப்போய்த் தன் மகன் முதுகில் அப்பினாள். வெண்ணெயோ ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏறி, வெடித்த உதட்டுக்காகப் பாலைவனத்து மச்சானிடம் போய்ச் சேர்ந்தது. ஒருவர் நனைந்து போனதற்கு என் சந்தனம், மற்றவர் காய்ந்து போனதற்கு என் வெண்ணெய். நனையவும் காயவும் தெரியாத எனக்குச் சாணி.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். பாலைவனத்து மச்சான் கொண்டுவந்திருந்த பையைத்தான் பொறுக்க முடியவில்லை.

கித்தான் துணியில் தைத்த தண்ணீர்ப் பை அது. காக்கி நிறம். ஒரு நடுத்தரப் பலாக்காய் அளவு. ஒரு மூலையில் மரத்தாலான கழுத்து, அதற்குக் கயிற்றில் கட்டிய ஒரு மூடி. ராஜபுதனத்தில் ரயில்காரர்கள் அதில் தண்ணீரை நிரப்பி வண்டிக்கு வெளியே தொங்கவிட்டுக்கொள்வார்களாம். அவர் வந்த அன்றே கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வேப்பமரத்தில் கட்டினார். கொஞ்ச நேரத்தில் அதன் வெளிப்புறம் முழுவதும் ஈரம் பூத்து, அடியில் சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது.

"ஒழுகுது மச்சான்" என்றேன்.

"ஒழுகல மாப்ளே. பைக்கு வேர்க்குது. அந்த வேர்வை காத்துல காயக் காய உள்ள இருக்கற தண்ணி குளிரும். காஞ்ச காத்து இருந்தாத்தான் இது நடக்கும். மெட்ராஸ்ல கட்டுனா வேர்வையும் காயாது, தண்ணியும் குளிராது. வேணும்னா உங்க பட்டணத்து மச்சானக் கேளு, அவருக்கே காயறதில்ல."

எனக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். பல் கூசியது. சித்திரை உச்சி வெயிலில், மலைச் சுனையில் வாய் வைத்ததுபோல இருந்தது. மனிதர்களுக்குத்தான் வேர்க்கிறது என்று நினைத்திருந்தேன், பைக்குக்கூட வேர்க்கிறது! எனக்கு மட்டும் இல்லை.

"மச்சான், இது எனக்கு வேணும்."

அவர் சிரித்தார். வெடித்த உதட்டில் லேசாக ரத்தம் பொட்டு வைத்தது. "இது உங்க அக்காளுக்குன்னு கொண்டாந்தது மாப்ளே. அந்த ஊர்ல இது இருந்தாப் போதும், வெயில் ஒண்ணும் பண்ணாதுன்னு காட்டறதுக்கு."

அக்காளுக்கு. சரி. அந்த வார்த்தையை மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் தோட்டத்தில் கவலை ஓட்டுகிற ஒரு பெரியவர் இருந்தார். கவலை என்றால் மனக்கவலை அல்ல. மாடுகளை முன்னும் பின்னும் நடத்தி, தோலால் செய்த பெரிய பறியில் கிணற்றுத் தண்ணீரை மேலே இழுப்பது. தோல் காய்ந்து வெடித்தால் தண்ணீர் பாதி வழியிலேயே ஒழுகிப்போகும். அதனால் அவர் ஒரு கலயத்தில் விளக்கெண்ணெயையும் ஒரு துணிப் பந்தையும் எப்போதும் பக்கத்தில் வைத்திருப்பார். ஒழுகுவது எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும். கித்தான் பையைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "சாமி, மாப்ள பாவமுங்க. அத்தாந் தூரத்துல இருந்து ஒழுகற பைய வாங்கியாந்து ஏமாந்து போட்டாராட்ட இருக்குதுங்க. ரண்டு கை எண்ணெய் காட்டுனா நின்னு போயிருமுங்க."

எட்டாம் நாள் அத்தை பொறுமை இழந்தாள். எங்கள் பக்கத்து முறைப்படி, மிகவும் மரியாதையாக இழந்தாள்.

"ஏனுங்ணா, அந்தப் பையி, அந்தப் பையின்னு எட்டு நாளாக் கேட்டுட்டே இருக்கறேன். பெரியவங்க யாரும் இன்னும் வாயில வெச்சுப் பாக்கல. இன்னைக்கு உச்சிப் பொழுதுல எல்லாரும் ஒரு வாய் குடிச்சுப் பாத்துப் போடலாமுங்களே?"

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "காலைல ஊத்திக் கட்டிப்போடுங்க மாப்ளே. உச்சிக்கு எடுத்துக்கலாம். அது வரைக்கும் யாரும் அக்கட்டால போகக் கூடாது. தண்ணி குளுகுளுன்னு இருந்துச்சுன்னா, அந்த ஊர்லயும் பொம்பளப் புள்ள இருக்கலாமுன்னு ஒரு நெம்பிக்கை வரும்."

அதற்கு மேல் நேராகப் பேச அப்பாவால் முடியாது. எனக்கே அப்போதுதான் புரிந்தது: அந்தப் பைக்குள் இருந்தது தண்ணீர் அல்ல, என் அக்காள். தண்ணீர் குளிர்ந்தால் அவள் ராஜபுதனத்துக்குப் போவாள். சூடானால் மெட்ராஸுக்கு. எப்படியும் போவாள். அம்மாவின் முகத்தில் அன்று காலை ஒரு வெளிச்சம் இருந்தது. விருந்துக்கு இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழிந்துகொண்டே பாலைவனத்து மச்சானிடம், "நீ தைரியமா இரு கண்ணு" என்றாள். அவர் தைரியமாகத்தான் இருந்தார். பையை நிரப்பி, கிணற்றடிக் குடிசையான சாளைக்குப் பின்னாலிருந்த வேப்பமரத்தில், காற்று நன்றாகப் படும் கிளையில் கட்டிவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.

எல்லோரும் பலகாரத்துக்கு உட்கார்ந்த நேரத்தில் நான் சாளைக்குப் போனேன். என் கொள்கை தெளிவாகவே இருந்தது. இரண்டு மச்சான்களும் தோற்க வேண்டும். ஆனால் கடற்கரை வெயிலைத் தோற்கடிக்க என்னிடம் வழி இல்லை. இருப்பது ஒரு கலயம் எண்ணெய். எதிரே ஒரு பை. கிடைத்ததை வைத்து ஆரம்பித்தேன்.

துணிப் பந்தை எண்ணெயில் நனைத்து, வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கமாகப் பார்த்து அழுத்தித் தேய்த்தேன். யாராவது கேட்டால் சொல்வதற்குப் பதிலும் வைத்திருந்தேன்: ஒழுகுச்சு, எண்ணெய் போட்டேன். நம் ஊரில் அதைத் தப்பு என்று யார் சொல்வார்கள்? ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கத்துக்குப் போவதற்குள் காலடிச் சத்தம் கேட்டது. கலயத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வைக்கோற்போருக்குப் பின்னால் பாய்ந்தேன். எட்டிப் பார்த்தபோது அக்காள் இடுப்பில் குடத்தோடு கிணற்றுப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். நல்லவேளை, தண்ணீருக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, போரைச் சுற்றி வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

உச்சிப் பொழுதில் எல்லோரும் வேப்பமரத்தடியில் கூடினார்கள். அத்தை பட்டுச்சேலை உடுத்தியிருந்தாள். பாலைவனத்து மச்சான் பையை அவிழ்த்து, அதைச் சரியாகப் பார்க்காமலே, முதல் டம்ளரை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா குடித்தார். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார்.

"குடிக்கலாமுங்க" என்றார். "வயித்துக்கு நல்லதுங்க."

அடுத்தது அத்தை. "எங்க மெட்ராஸ் குழாய்த் தண்ணியாட்டவே இருக்குதுங்ணா. ஊட்டு நெனப்பே வந்து போச்சு."

பாலைவனத்து மச்சானின் முகம் மாறியது. டம்ளரைப் பிடுங்காத குறையாக வாங்கி ஒரு வாய் வைத்தார். பிறகு பையைத் தொட்டார். அது வேர்க்கவில்லை. குளித்து எண்ணெய் தேய்த்த எருமைக்கன்று போலப் பளபளத்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"யாரு இதுல எண்ணெய் பூசுனது?"

கவலைக்காரப் பெரியவர்தான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "நானாத்தான் இருக்குமுங்க. கண்ணுல பட்டா கை சும்மா இருக்கறதில்லீங்க. பறின்னு நெனச்சுப் பூசிப்போட்டேனாட்ட இருக்குதுங்க." பொய் சொல்கிற மனிதர் அல்ல அவர். செய்திருக்க வேண்டும் என்று உண்மையாகவே நம்பினார்.

"அதுக்கென்னங்க மாப்ளே" என்றார் அப்பா. "ஒழுகற பையிக்கு எண்ணெய் போட்டது ஒரு குத்தமுங்களா? நம்ம ஊட்டுல எல்லாத்துக்கும் போடறதுதானுங்களே?"

"அது ஒழுகோணும் மாமா! ஒழுகறதுதான் அதோட வேலை! காலமெல்லாம் மாட்டு வாலப் புடிச்சுட்டு நிக்கறவங்களுக்கு இது எங்க புரியப் போகுது!"

சொல்லிவிட்டுப் பையைத் தூக்கித் தரையில் அடித்தார். மூடி தெறித்து, அத்தனை தண்ணீரும் அத்தையின் பட்டுச்சேலையில் விழுந்தது. கோழிகள் மட்டும் சத்தம் போட்டன. பட்டணத்து மச்சான் தன் துண்டை எடுத்துத் தாயிடம் கொடுத்தார். அது ஏற்கெனவே நனைந்திருந்தது.

அப்பா குரலை உயர்த்தவில்லை. "கை காலக் களுவிட்டு வாங்க மாப்ளே. எல போட்டாச்சு" என்றார். அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் ஒரு சம்பந்தம் முறிகிற சத்தம் அப்படித்தான் இருக்கும்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "தண்ணி சுட்டது பெருசில்ல. அந்த ஊர் வெயில் அவன் ஒடம்புக்குள்ளயே போயிருச்சு. புள்ளைய எப்புடி அனுப்பறது?" அம்மா உலையைக் கிளறிக்கொண்டிருந்தாள். அடுப்பில் உலையே இல்லை என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள். எட்டு நாள் வாய் ஓயாமல் பேசியவரின் ஒரே சாட்சியைக் கெடுத்துவிட்டு, கெட்டுப்போனதற்கு அவர் கோபப்பட்டதையே அவர்மேல் குற்றமாகச் சாட்டினார்கள் என்பது எனக்கு இன்று புரிகிறது. அன்று எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: ஒரு மச்சான் காலி.

அக்காள் வழக்கம்போலச் சந்தனம் அரைத்தாள். கல்லின்மேல் அவள் கண்ணீர் ஒரு சொட்டு விழுந்ததைப் பார்த்தேன். அந்த ஒரு சொட்டை நாற்பது வருஷம் சுமந்தேன்.

மறுநாள் பாலைவனத்து மச்சான் கிளம்பினார். நான்தான் ஸ்டேஷன் வரை கூடப் போனேன். வண்டி அசைந்ததும் ஜன்னல் வழியாகக் கித்தான் பையை என் கையில் போட்டார்.

"நீ கேட்டியல்ல மாப்ளே. வெச்சுக்க."

அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அதைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், பாறையில் காயப்போட்டேன். பிறகு ஒரு நாள்கூட அதற்கு வேர்க்கவில்லை. கொஞ்ச காலம் அதில் ஆணிகளைப் போட்டு வைத்தார்கள். கடைசியில் ஒரு கோழி அதன்மேல் அடை படுத்தது. ஆசைப்பட்டது கைக்கு வந்த பிறகு என்ன ஆகும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

அவர் அந்தப் பக்கத்திலேயே இருந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருஷா வருஷம் சித்திரையில் அம்மாவுக்கு ஒரு கார்டு வரும். "அத்தைக்கு நமஸ்காரம். இங்கே வெயில் அதிகம். நான் சௌக்கியம்." அம்மா அதை என்னை உரக்கப் படிக்கச் சொல்லுவாள். மூன்று வரியைப் படித்ததும் நான் தண்ணீர்ப் பானையைத் தேடிப் போய்விடுவேன். அம்மா போன பிறகும் இரண்டு கார்டுகள் வந்தன.

அக்காள் மெட்ராஸில் குடும்பம் நடத்தினாள். மூன்று பிள்ளைகள், உப்புக் காற்றில் துருப்பிடித்த ஜன்னல் கம்பிகள், ஆயுள் முழுக்க வேர்க்குரு. நான் கோடையில் அந்தப் பக்கமே போகமாட்டேன். எனக்கு வெயில் ஆகாது என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். அவள் நெற்றியைத் துடைப்பதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை என்பதே உண்மை. ஒவ்வொரு துளி வேர்வைக்கும் நானே பொறுப்பு என்று ஓர் எண்ணம். இப்போது யோசித்தால், அந்த எண்ணத்தில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. ஒரு பெண்ணின் தலையெழுத்தையே ஒரு கை எண்ணெயால் திருப்பியவன் என்று எத்தனை பேரால் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ள முடியும்?

போன வைகாசியில் அவள் பேத்தியின் கல்யாணம். தட்ட முடியவில்லை. நான் போன மூன்றாம் நாள் மின்சாரம் போய்விட்டது. மச்சான் துண்டும் கையுமாகக் கடற்கரைப் பக்கம் காற்று வாங்கக் கிளம்பினார். என் முதுகு அரிக்க ஆரம்பித்தது. சட்டையைக் கழற்றினேன். அக்காள் பார்த்துவிட்டு, "அட, உனக்கும் வந்துருச்சாட்ட இருக்குதே" என்று சந்தனக் கல்லை எடுத்து வைத்தாள். அதே கல்தான், நடுவில் குழி விழுந்திருந்தது. அரைத்த சந்தனத்தை வழித்து என் முதுகில் வைத்தாள். ஜில்லென்று இருந்தது. பத்து வயதில் கேட்டது ஐம்பதுக்கு மேல் கிடைத்தது. அந்தக் குளிர்ச்சியில் என் வாய் தானாகத் திறந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கை மட்டும் நின்றுவிட்டது.

"எந்தப் பக்கம் பூசுன?" என்று கேட்டாள்.

"என்ன?"

"பையில எந்தப் பக்கம்?"

"ஊட்டுக்கு அந்தாண்டப் பக்கம்."

"அதான பாத்தேன். அந்தப் பக்கம் பளபளன்னு இருக்குது, இந்தப் பக்கம் அதுபாட்டுக்குச் சொட்டிட்டு இருக்குது. ஒரு பக்கம் மட்டும் பூசுனாப் பத்துமா? மிச்சத்த நாந்தான் பூசுனேன்."

நான் திரும்ப முயன்றேன். அவள் என் தோளைப் பிடித்து நேராக உட்கார வைத்தாள்.

"அந்த மச்சான் நல்லவருதான். இல்லீன்னு சொல்லல. ஆனா எட்டு நாளா வெயிலத் தவர வேற ஒரு வார்த்தை பேசல. என்னைய ஒரு பேச்சுக் கேக்கல. காலத்துக்கும் அத எவ ஒக்காந்து கேட்டுட்டு இருக்கறது?"

"இந்த மச்சான் மட்டும்?"

"இவரு எங்கடா பேசறாரு? தொடைக்கறதுக்கே நேரம் பத்தல." கல்லில் மிச்சமிருந்த சந்தனத்தை விரலால் வழித்தாள். "அந்தக் கார்டெல்லாம் அம்மா வெச்சிருந்தாங்களா?"

"பெட்டியில இருக்குது."

"ம்."

"அன்னைக்குக் கல்லுமேல அழுதியே?"

"அழுதனா? நானா?" அவள் யோசித்தாள். "வேர்த்திருக்கும்."

நாற்பது வருஷமாக முழுசாக என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு பாவம் எனக்கு இருந்தது. அதிலும் பாதி அக்காளுடையதாம். அதுவும் பலித்த பாதி. எனக்குச் சுருக்கென்று ஒரு பொறாமை வந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இன்னும் கொஞ்சம் சந்தனமாவது கிடைக்கட்டும் என்று முதுகைப் பரிதாபமாக வளைத்துக் காட்டினேன்.

அக்காள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கிட்டே என்னைத் திருப்பி, என் முதுகை நன்றாகப் பார்த்தாள்.

"நாலே நாலு பொட்டு இருக்குது" என்றாள். "இதுக்கா ஒரு கல்லுச் சந்தனத்த அரைக்க வெச்சே?"